லீட்ஸில் வாரம் மூன்று நாள் வேலை: சாப்பாட்டுச் செலவைக் கம்பெனிக் கணக்கில் எழுதலாமா?

கேள்வி: ஹாரோவாசி

அனைவருக்கும் வணக்கம். லண்டனில் ஹாரோ பகுதியில் குடும்பத்துடன் வசிக்கிறேன். சொந்த லிமிடெட் கம்பெனி வழியாக மென்பொருள் சோதனை வேலையை ஒப்பந்த அடிப்படையில் செய்துவருகிறேன். என் ஒப்பந்தம் ஐ.ஆர்.35 விதிக்கு (சொந்தக் கம்பெனி வழியாக வேலை செய்தாலும் ஒருவர் உண்மையில் வாடிக்கையாளரின் ஊழியரைப் போன்றவரா என்று பார்க்கும் வரி விதி) வெளியே உள்ளது என்று வாடிக்கையாளர் நிறுவனமே எழுத்தில் தீர்மானித்துக் கொடுத்திருக்கிறது.

2024 மார்ச் 4ஆம் தேதி லீட்ஸில் வேலையைத் தொடங்கினேன். திங்கட்கிழமை விடியற்காலையில் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் புதன்கிழமை இரவுதான் வீடு திரும்புவேன். வியாழனும் வெள்ளியும் வீட்டிலிருந்தே வேலை. இரண்டு இரவு தங்குவதற்காக ஒரு சிறிய ஃபிளாட்டைக் கம்பெனி பெயரில் வாடகைக்கு எடுத்திருக்கிறேன்.

சாப்பாட்டுச் செலவு பற்றி நான் கேட்ட இருவரும் நேர்மாறான பதில்களைச் சொன்னார்கள். முன்பு எனக்குக் கணக்கு எழுதியவர், "நாளுக்கு 25 பவுண்டு என்று போட்டுக்கொள்ளுங்கள், ரசீதே வேண்டாம்" என்றார். சுயதொழில் செய்யும் நண்பர் ஒருவரோ, "எங்கே இருந்தாலும் மனிதன் சாப்பிடத்தானே வேண்டும், அதைத் தொழில் செலவாக ஒருபோதும் ஏற்க மாட்டார்கள்" என்று உறுதியாகச் சொல்கிறார். நான் சைவம், பெரும்பாலும் ஃபிளாட்டில் சமைத்தே சாப்பிடுகிறேன். அரிசியும் பருப்பும் ஹாரோ தமிழ்க் கடையில் வீட்டுக்கு வாங்குவதிலிருந்து எடுத்துப்போகிறேன். காய்கறி, பால், தயிர் லீட்ஸில் வாங்குகிறேன். திங்கட்கிழமை மதியத்துக்குப் புளிசாதமோ தயிர்சாதமோ வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போய்விடுவேன். வாரத்தில் ஒருமுறை வெளியே சாப்பிடுவதும் உண்டு. இவற்றில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

இன்னொரு விஷயம் இதற்குத் தொடர்புடையதா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய ஒப்பந்தம் 2026 பிப்ரவரி இறுதியில் முடிகிறது. ஆகஸ்ட் இறுதிவரை நீட்டிக்க விரும்புவதாக வாடிக்கையாளர் அக்டோபர் மாதத்தில் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். நான் இன்னும் கையெழுத்திடவில்லை.

பதில்: வடகாற்று

உங்கள் நண்பர் சொன்னது அவருடைய நிலைக்குச் சரியாக இருக்கலாம். உங்களுக்கு அது பொருந்தாது. நீங்கள் உங்கள் கம்பெனியின் இயக்குநர், அதாவது வரிச் சட்டத்தின் கண்ணில் அந்தக் கம்பெனியின் ஊழியர். ஊழியருக்கு ஒரு சட்டம், சுயதொழில் செய்பவருக்கு வேறொரு சட்டம். இந்த வேறுபாடு தெரியாமலேயே பலர் ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்லிக்கொள்வதால்தான் இவ்வளவு குழப்பம்.

ஊழியரைப் பொறுத்தவரை சாப்பாட்டுச் செலவைத் தனியாகப் பார்க்கக் கூடாது. முதலில் பயணத்தைப் பாருங்கள். நீங்கள் போகும் இடம் தற்காலிகப் பணியிடம் என்றால் அந்தப் பயணம் தொழில் பயணம். ரயில் கட்டணம், தங்கும் செலவு, சாப்பாடு மூன்றும் அதன் பின்னாலேயே வரும். அந்த இடம் நிரந்தரப் பணியிடமாகிவிட்டால் மூன்றும் ஒன்றாகவே போய்விடும். ஆகவே நீங்கள் கடைசியாக, தயங்கிச் சொன்ன அந்த நீட்டிப்பு விஷயம்தான் உங்கள் கேள்வியிலேயே மிக முக்கியமான பகுதி. நான் நியூகாசிலில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தவன். இதைத் தாமதமாகப் புரிந்துகொண்டதால் ஏழு மாதச் செலவைத் திருப்பிக் கணக்கிட்டு வரி கட்ட வேண்டியதாயிற்று. ஆகவே நீங்கள் கையெழுத்திடும் முன்பே கேட்டது நல்லதாயிற்று.

பதில்: பற்றுவரவு

நான் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிறு கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிவருகிறேன். ஹாரோவாசி அவர்கள் கேட்ட வரிசையிலேயே சொல்லாமல், எது அவருக்குப் பணத்தளவில் பெரியதோ அதிலிருந்து தொடங்குகிறேன்.

24 மாத விதி என்று எல்லோரும் சொல்வது 2003ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 339ஆம் பிரிவில் இருக்கிறது. ஓரிடத்தில் தொடர்ச்சியாக வேலை செய்யும் காலம் 24 மாதத்தைத் தாண்டினால், அல்லது தாண்டும் என்று எதிர்பார்க்கத் தக்க நிலை ஏற்பட்டால், அந்த இடம் தற்காலிகப் பணியிடம் அல்ல. தொடர்ச்சி என்பதற்கு வாரம் முழுவதும் அங்கே இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் வேலை நேரத்தில் 40 சதவீதமோ அதற்கு மேலோ அங்கே கழிந்தால் போதும் என்பது பிரிட்டன் வரித் துறையான எச்.எம்.ஆர்.சி. பின்பற்றும் அளவுகோல். ஐந்து நாளில் மூன்று நாள் என்றால் 60 சதவீதம். எனவே நீங்கள் இந்த விதிக்குள் முழுமையாக வருகிறீர்கள். ஐந்து நாளில் இரண்டு நாள்கூடச் சரியாக 40 சதவீதம்தான், அதுவும் உள்ளேயே அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

"எதிர்பார்க்கத் தக்க" என்ற சொல்லை மறுபடியும் படியுங்கள். உங்கள் 24 மாதம் 2026 மார்ச் தொடக்கத்தில்தான் முடிகிறது. ஆனால் செலவு எழுதும் உரிமை அதுவரை தானாக நீடிக்காது. ஆகஸ்ட் வரை அங்கே இருப்பீர்கள், அதாவது மொத்தம் 30 மாதம் ஆகும் என்பது எந்த நாளில் தெளிவாகிறதோ அந்த நாளிலிருந்தே லீட்ஸ் உங்களுக்கு நிரந்தரப் பணியிடம். அந்த நாளுக்கு முன்பு நேர்மையாக எழுதிய செலவுகளுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. அதற்குப் பிறகும் கம்பெனி உங்கள் ரயில் கட்டணத்தையும் சாப்பாட்டையும் கொடுத்துவந்தால், அது உங்களுக்குக் கொடுத்த சம்பளம் போலவே வருமான வரிக்கும் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்புக்கும் உட்படும். ஃபிளாட் வாடகையும் கம்பெனி உங்களுக்குத் தரும், நீங்கள் வரி கட்ட வேண்டிய நன்மையாகக் கணக்கிடப்படும். நீங்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதைவிடப் பல மடங்கு பெரிய தொகை ரயிலிலும் வாடகையிலும் இருக்கிறது. நீட்டிப்புக்கு எந்தக் கூலி கேட்பது என்று முடிவு செய்யும்போது இந்த இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஒப்பந்தத்தை விட்டுவிட்டு லீட்ஸிலேயே பக்கத்துத் தெருவில் உள்ள வேறொரு வாடிக்கையாளரிடம் போனால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பணியிடம் மாறியதால் உங்கள் பயணத்திலோ அதன் செலவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை என்றால் இரண்டையும் ஒரே பணியிடமாகவே சட்டம் பார்க்கிறது. லண்டனின் கேனரி வார்ஃபில் ஒரு வங்கி, பிறகு நடந்து போகும் தூரத்தில் இன்னொரு வங்கி என்று மாறிமாறி வேலை செய்தவர்கள் இதில்தான் அதிகம் தவறுகிறார்கள்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். 25 பவுண்டு என்ற தொகை கற்பனையானது அல்ல, ஆனால் அது நாளுக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படும் படியும் அல்ல. 2016 ஏப்ரல் முதல் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ள அளவுத் தொகைகள் இவை: பயணம் குறைந்தது ஐந்து மணி நேரம் நீடித்தால் 5 பவுண்டு, குறைந்தது பத்து மணி நேரம் என்றால் 10 பவுண்டு, குறைந்தது பதினைந்து மணி நேரம் நீடித்து இரவு எட்டு மணிக்கும் முடியாமல் இருந்தால் 25 பவுண்டு. 5 அல்லது 10 பவுண்டு பெறும் பயணம் இரவு எட்டு மணியைத் தாண்டினால் கூடுதலாக 10 பவுண்டு சேர்த்துக்கொள்ளலாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு, இந்த அளவுக்குள் கொடுக்கும் தொகைக்குக் கம்பெனி சாப்பாட்டு ரசீதைச் சரிபார்க்க வேண்டியதில்லை. உண்மையிலேயே தகுதியுள்ள பயணம் நடந்ததா என்பதைச் சரிபார்த்தால் போதும். "ரசீதே வேண்டாம்" என்று உங்கள் பழைய கணக்காளர் சொன்னது இதைத்தான்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பயணம் தொடங்கிய பிறகு நீங்கள் உண்மையாகவே காசு கொடுத்து உணவு வாங்கியிருக்க வேண்டும். திங்கட்கிழமை மதியம் நீங்கள் சாப்பிடும் புளிசாதம் எவ்வளவு தூரம் பயணம் செய்திருந்தாலும் அது வீட்டுச் சாப்பாடுதான். அதற்கு அளவுத் தொகை எடுக்க முடியாது. அன்று மாலை லீட்ஸில் உணவு வாங்கினால் அந்த நாளுக்கு எடுக்கலாம்.

ஃபிளாட்டில் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் உங்களைப் போன்றவர்களுக்கு அளவுத் தொகையைவிட உண்மைச் செலவைக் கணக்கில் எழுதுவதையே நான் பரிந்துரைக்கிறேன். தொழில் நிமித்தமாக வெளியூரில் தங்கும்போது ஏற்படும் நியாயமான உணவுச் செலவை எழுதலாம். அது உணவகத்தில் சாப்பிட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. லீட்ஸில் அந்த மூன்று நாளுக்காக வாங்கும் காய்கறி, பால், தயிர், ரொட்டி ஆகியவற்றின் ரசீதுகளைத் தனியே வையுங்கள். ஹாரோவில் வீட்டுக்கு வாங்கிய பத்துக் கிலோ அரிசிப் பையிலிருந்து இரண்டு ஆழாக்கு எடுத்துப்போனதைப் பிரித்துக் கணக்குப் பார்க்க முற்படாதீர்கள். அது குடும்பச் செலவு. ஓர் ஆய்வு வந்தால் அந்தச் சிறு தொகை மற்ற ரசீதுகளின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பும். லீட்ஸுக்கென்று அங்கேயே ஒரு சிறிய பை வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லை.

வெளியூரில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் 5 பவுண்டு வரை, செய்தித்தாள், துணி சலவை, வீட்டுக்குப் பேசிய தொலைபேசிக் கட்டணம் போன்ற சில்லறைச் செலவுகளுக்காகக் கம்பெனி வரியில்லாமல் கொடுக்கலாம். வெளிநாட்டில் தங்கினால் இரவுக்கு 10 பவுண்டு. இதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது: ஒரு தடவை தங்கும் காலத்துக்கான மொத்தத் தொகை வரம்பைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையுமே வரிக்கு உட்படும்.

வாடிக்கையாளரின் மேலாளரை இரவு உணவுக்கு அழைத்துப் போய் நீங்கள் பணம் கொடுத்தால் அது பயணச் செலவு அல்ல, விருந்தோம்பல். கார்ப்பரேஷன் வரிக் கணக்கில் அதைக் கழிக்கவே முடியாது. வாட் வரியையும் (மதிப்புக் கூட்டு வரி) திரும்பப் பெற முடியாது.

வாட் வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பதிவு செய்திருந்தால் இது தேவைப்படும். கடையில் வாங்கும் பெரும்பாலான மளிகைப் பொருட்களுக்கும் எடுத்துச் செல்லும் குளிர்ந்த சாண்ட்விச்சுக்கும் வாட் வரி பூஜ்யம். திரும்பப் பெற ஒன்றுமே இல்லை. உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலோ சூடான உணவைப் பொட்டலமாக வாங்கினாலோ 20 சதவீதம் இருக்கும். அதற்கு வாட் எண் அச்சிட்ட ரசீது கையில் இருக்க வேண்டும். ரசீதில்லாத அளவுத் தொகையைக் காட்டி வாட் கேட்க முடியாது. விற்பனையில் ஒரு நிலையான சதவீதத்தை வாட்டாகக் கட்டும் நிலையான விகிதத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை, அவர்கள் சாப்பாட்டுக்கு வாட் திரும்பப் பெறவே முடியாது.

பதில்: மரவேலை

ஹாரோவாசி ஐயா, உங்கள் நண்பரைப் போன்றவன்தான் நானும். ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். கட்டடத் துறையில் துணை ஒப்பந்தக்காரனாகத் தச்சு வேலை செய்கிறேன், கம்பெனி கிடையாது. கூலியில் 20 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். ஆண்டு முடிவில் கணக்குக் காட்டி மிச்சத்தைத் திரும்பப் பெறுவேன். அதனால் ஒவ்வொரு செலவும் எனக்குப் பெரிய விஷயம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எனக்குக் கணக்கு எழுதிய ஒருவர் தினமும் மதியச் சாப்பாட்டுக்கு எட்டுப் பவுண்டு என்று ஆண்டு முழுவதும் எழுதிவிட்டார். நானும் கேள்வி கேட்காமல் ஒப்புதல் கொடுத்தேன். பிறகு கணக்கு ஆய்வுக்கு வந்தபோது அந்தத் தொகை முழுவதும் நீக்கப்பட்டது. வரியையும் வட்டியையும் சேர்த்துக் கட்டினேன். கையெழுத்து என்னுடையது என்பதால் பொறுப்பும் என்னுடையதுதான். அப்போது காரணத்தைத் தேடிப் படித்தபோது 1975ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு கண்ணில் பட்டது. அந்த வழக்கும் என்னைப் போன்ற ஒரு தச்சரைப் பற்றியது என்பது மனதைத் தைத்தது. அவர் வீட்டிலிருந்து நாற்பது மைல் சுற்றளவுக்குள் வெவ்வேறு கட்டடங்களில் வேலை செய்தவர். வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு 10 பென்ஸ் ஆகும், வெளியே 40 பென்ஸ் ஆகிறது, ஆகவே கூடுதலான 30 பென்ஸையாவது கழிக்க வேண்டும் என்று கேட்டார். மனிதன் உயிர்வாழ்வதற்காகச் சாப்பிடுகிறான், வேலை செய்வதற்காகச் சாப்பிடவில்லை என்ற கருத்தில் நீதிபதி டெம்பிள்மன் அதை மறுத்துவிட்டார். குளிரில் நாள் முழுவதும் மரம் தூக்குகிறவனுக்கு அந்த வாதம் ஏற்புடையதாக இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் சட்டம் அதுதான்.

சுயதொழில் செய்பவர்களுக்கு முழுக் கதவும் மூடிவிடவில்லை. தொழிலுக்காக வெளியூரில் இரவு தங்கினால் தங்கும் செலவோடு நியாயமான உணவுச் செலவையும் எழுதலாம். வழக்கமான வேலைப் போக்கிலிருந்து விலகி எப்போதாவது செல்லும் பயணத்திலும், தொழிலே ஊர் ஊராக அலைவதாக இருந்தாலும் நியாயமான உணவுச் செலவை ஏற்கிறார்கள். சென்ற ஆண்டு கார்டிஃபில் இரண்டு வாரம் தங்கி ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கதவு பொருத்தியபோது காலை, இரவுச் சாப்பாட்டை ரசீதோடு எழுதினேன், ஒரு சிக்கலும் வரவில்லை. ஈஸ்ட் ஹாமிலிருந்து தினமும் போய்வரும் வேலைகளுக்கு மதியச் சாப்பாட்டை இப்போது எழுதுவதே இல்லை.

பதில்: ரெடிங்வாசி

அம்ப்ரெல்லா கம்பெனி (ஒப்பந்தக்காரரைத் தன் ஊழியராக வைத்து வாடிக்கையாளரிடம் வேலைக்கு அனுப்பும் இடைநிலை நிறுவனம்) வழியாக வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்து ரசீது சேர்க்கத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒரு குறிப்பு. 2016 ஏப்ரல் 6 முதல் மேலே சொன்ன அதே சட்டத்தில் 339ஏ என்ற பிரிவு நடைமுறையில் இருக்கிறது. வேலையை எப்படிச் செய்வது என்பதில் உங்கள் மீது எவருக்காவது மேற்பார்வை, வழிகாட்டல், கட்டுப்பாடு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்கான உரிமை இருந்தால், ஒவ்வோர் ஒப்பந்தமும் தனித்தனி வேலையாகக் கருதப்படும். அப்போது வாடிக்கையாளரின் இடம் முதல் நாளிலிருந்தே நிரந்தரப் பணியிடம். சொந்தக் கம்பெனி வைத்திருந்தும் ஒப்பந்தம் ஐ.ஆர்.35 விதிக்குள் இருந்தால் இதே கதிதான். நான் ரெடிங்கிலிருந்து பிரிஸ்டலுக்குச் சென்று தங்கி வேலை செய்கிறேன். ரயிலும் விடுதியும் சாப்பாடும் எல்லாம் வரி கட்டிய பிறகு கையில் வரும் பணத்திலிருந்துதான் போகின்றன. வாடிக்கையாளர் என்னைப் பிரிஸ்டல் அலுவலகத்திலிருந்து ஒரு நாள் வேறு ஊருக்கு அனுப்பினால், அந்த ஒரு நாள் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் எழுத முடிகிறது. ஆகவே இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் நாள் கூலியைப் பேசும்போதே இந்தச் செலவை உள்ளடக்கிப் பேச வேண்டும்.

தொடர்ச்சி: ஹாரோவாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று சந்தேகங்கள் இன்னும் இருக்கின்றன. அக்டோபர் மின்னஞ்சலுக்கு நான் "யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் பதில் எழுதினேன். அப்படியானால் எதிர்பார்ப்பு எந்த நாளில் தொடங்குகிறது? நீட்டிப்புக் காலத்தில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் லீட்ஸுக்கு வருவதாகப் பேசினால் நிலை மாறுமா? உணவுச் செலவை வாடிக்கையாளரே தருவதாக இருந்தால் அதை எப்படி எழுதுவது?

பதில்: பற்றுவரவு

முதல் சந்தேகத்துக்கு: வாடிக்கையாளர் விரும்புகிறார் என்பது மட்டும் எதிர்பார்ப்பு ஆகாது, நீங்கள் மறுக்கவும் கூடும். நீங்கள் ஒப்புக்கொண்ட நாள்தான் தெளிவான எல்லைக்கோடு. ஆனால் அது கையெழுத்திட்ட நாளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே தொலைபேசியில் "சரி, இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, காகிதத்தைத் தள்ளிப்போட்டு அந்த இரண்டு வாரச் செலவை எழுதுவது சரியல்ல. "யோசித்துச் சொல்கிறேன்" என்ற அந்த மின்னஞ்சலையும் பிறகு அனுப்பப்போகும் சம்மத மின்னஞ்சலையும் கணக்குக் கோப்பிலேயே வையுங்கள். கம்பெனி ஆவணங்களை நிதியாண்டு முடிந்து ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ரசீதுகளோடு இவையும் இருந்தால் எந்த நாளில் எழுதுவதை நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்பது தானே விளங்கும்.

இரண்டாவது: வாரத்தில் ஒரு நாள் என்றால் 20 சதவீதம், 24 மாத விதியின் அளவுகோலுக்குக் கீழே வந்துவிடும். அதனாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஓரிடத்துக்கு ஒழுங்காக, முடிவு தெரியாமல் போய்க்கொண்டே இருந்தால், நேரம் குறைவாக இருந்தாலும் அது நிரந்தரப் பணியிடமாகலாம். குறிப்பிட்ட ஒரு வேலையை முடித்துக் கொடுக்கவே வருகிறீர்கள் என்பதும் அது எப்போது முடியும் என்பதும் புதிய ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உண்மையில் நடப்பதும் அப்படியே இருக்க வேண்டும். காகிதத்தில் ஒரு நாள், ரயில் பயணச்சீட்டில் மூன்று நாள் என்றிருந்தால் பயணச்சீட்டைத்தான் நம்புவார்கள்.

மூன்றாவது: வாடிக்கையாளர் தரும் தொகை உங்கள் கம்பெனியின் வருமானம். வாட் பதிவு இருந்தால், நீங்கள் வாங்கிய தயிருக்கு வாட் இல்லாமல் இருந்தாலும், அந்தத் தொகையை உங்கள் சேவைக் கட்டணத்தின் பகுதியாகக் கருதி அதன் மேல் 20 சதவீதம் சேர்த்தே விலைச்சீட்டு அனுப்ப வேண்டும். இதில் ஆண்டுதோறும் குறைந்தது ஒருவரையாவது நான் திருத்த வேண்டியிருக்கிறது. அந்தப் பணத்தைக் கம்பெனி உங்களுக்கு வரியில்லாமல் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு மேலே சொன்ன பயண விதியே பொருந்தும்.

தொடர்ச்சி: ஹாரோவாசி

தெளிவாகப் புரிந்தது. சாப்பாடு, ரயில், வாடகை மூன்றையும் சேர்த்து எவ்வளவு கூடுதல் சுமை வரும் என்று இன்றிரவு கணக்குப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற நாள் கூலியைக் கேட்டு வாடிக்கையாளருக்கு எழுதுகிறேன். அவர் இணங்கி நானும் சம்மதம் அனுப்பினால், அன்றோடு லீட்ஸ் ரசீதுகளைக் கம்பெனிக் கோப்பில் சேர்ப்பதை நிறுத்திவிடுவேன். ஃபிளாட் வாடகை ஒப்பந்தத்தையும் என் பெயருக்கு மாற்ற வீட்டு உரிமையாளரிடம் கேட்கிறேன். திங்கட்கிழமைப் புளிசாதத்துக்கு இதுவரை எடுத்த அளவுத் தொகைகளையும் கம்பெனிக்குத் திருப்பிச் செலுத்தி, கணக்கைத் திருத்தச் சொல்லப்போகிறேன்.